ஆன் செய்ததும் நெட் ஸ்லோவா? தப்பு ரவுட்டர் மேல மட்டும் இல்லை!

காலை 9 மணி மீட்டிங்குக்கு 5 நிமிடம் முன்னால் லேப்டாப்பை ஆன் செய்தால், நெட் நகரவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. பழி என்னவோ நெட் கம்பெனிக்குத்தான்.

அதே வைஃபையில் போன் வேகமாக ஓடுகிறதா? அப்படியென்றால் சிக்கல் லேப்டாப்பில். போனும் திணறினால், லேப்டாப்பை அணைத்துவிட்டுப் பாருங்க. அப்பவும் ஸ்லோ என்றால் கம்பெனிக்கு போன் போடலாம்.

விண்டோஸ் திறந்த கையோடு ஒன்டிரைவ் ஃபைல்களை சிங்க் செய்யும், அப்டேட்கள் இறங்கும், சாட், கேம் ஆப்களும் கூடவே கிளம்பும். ஒரே குழாயில் பத்துக் குடம் வைத்த கதைதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'நெட்வொர்க்' என்பதை கிளிக் செய்தால், அதிகம் இழுக்கும் ஆப் மேலே வந்து நிற்கும். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யலாம். ஆப் அழியாது, தானாகத் திறக்காது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸையும் ஆபீஸ் விபிஎன்னையும் மட்டும் தொட வேண்டாம்.

நெட்டே வராமல், ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

இதையெல்லாம் பயனரே தேடி அணைக்க வேண்டியிருப்பதுதான் அநியாயம். பல ஆப்கள் இன்ஸ்டால் ஆகும்போதே, கேட்காமல் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஏறிக்கொள்கின்றன. போனில் லொகேஷனுக்கு அனுமதி கேட்பதுபோல இதற்கும் கேட்கட்டும். நெட்டுக்குக் காசு கட்டுவது பயனர். முதல் உரிமையும் அவருக்குத்தானே?