போதைப்பொருள் வழக்குகளும் சட்டத்தரணிகளின் கடமையும்

போதைப்பொருளுடன் கைது செய்யப்படுவோருக்காகச் சட்டத்தரணிகள் எவரும் நீதிமன்றில் ஆஜராகக் கூடாது என்ற குரல் எமது ஊர்களில் அடிக்கடி எழுகின்றது. பிள்ளைகளை ஐஸ் போதைக்குப் பறிகொடுத்த பெற்றோரின் ஆத்திரம் நியாயமானதே. ஆயினும் இக்கோரிக்கையுடன் எம்மால் உடன்பட முடியவில்லை.

எமது நாட்டின் சட்டம் மிகக் கடுமையானது. 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதித்தது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் 5 கிராம் ஐஸ் போதைப்பொருளுக்கும் அதே தண்டனையைக் கொண்டுவந்தது. 1976 இன் பின்னர் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் தீர்ப்பின் பின்னர் அந்த மனிதனின் வாழ்வு சிறைக்குள்ளேயே கழிகின்றது.

இத்தகைய வழக்கில் ஒரு கிராமின் வேறுபாடு ஓர் ஆயுட்காலத்தின் வேறுபாடாகும். பொலிஸார் நிறுத்த பொதியின் எடையன்றி, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் கண்டறியும் சுத்தமான போதைப்பொருளின் அளவே தண்டனையைத் தீர்மானிக்கின்றது. எனவேதான் பொதி எங்கு, யார் முன்னிலையில் முத்திரையிடப்பட்டது, பகுப்பாய்வாளரைச் சென்றடையும் வரை எவர் பொறுப்பில் இருந்தது என்பவற்றைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்குமாறு எமது மேல்நிலை நீதிமன்றங்கள் அரச தரப்பை வலியுறுத்தி வந்துள்ளன. பலர் பயணிக்கும் முச்சக்கரவண்டியிலோ, பல குடும்பங்கள் வசிக்கும் தோட்டப் வீட்டுவரிசையிலோ கண்டெடுக்கப்பட்ட பொதி உண்மையில் எவருடையது, அது அங்கிருப்பது அவருக்குத் தெரியுமா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. இதனைக் குற்றவாளியைத் தப்பவைக்கும் தந்திரம் என்போர் உளர். நேர்மையாகக் கடமை புரிந்த அதிகாரியின் குறிப்புப் புத்தகத்தில் இக்கேள்விகளுக்கான விடை முன்னரே எழுதப்பட்டிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட 'யுக்திய' நடவடிக்கையின் போது பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். தன்னிச்சையான கைதுகளும் சித்திரவதைகளும் இடம்பெறுவதாகக் கூறி, அதனை இடைநிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் வேண்டினர். அந்நாட்களில் பிடிபட்டோரில் பெரும் முதலாளிகள் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவர்.

தமிழ் பேசும் சந்தேகநபருக்கு மேலும் ஒரு சுமை உண்டு. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அர்த்தம் புரியாமலே கையொப்பமிட நேர்வது எமது மக்களின் நீண்டகால முறைப்பாடு. பிணை விடயமும் இலகுவானதல்ல. சுத்தமான அளவு 10 கிராமும் அதற்கு மேலும் எனப் பகுப்பாய்வு அறிக்கை கூறினால், மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரிய அவ்வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாத்திரமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில், பிணை வழங்கலாம். மன்னாரிலோ அக்கரைப்பற்றிலோ கூலிவேலை செய்யும் தாயொருத்தி அதற்காகக் கொழும்பு புதுக்கடைக்கு வர வேண்டும்.

சட்டத்தரணி மூலம் விளக்கத்தில் வாதிடும் உரிமையை அரசியலமைப்பின் 13 (3) ஆம் உறுப்புரை அனைவருக்கும் வழங்குகின்றது. வசதி படைத்த கடத்தல்காரனுக்கு ஜனாதிபதி சட்டத்தரணியே கிடைப்பார்; பகிஷ்கரிப்பால் தனித்து விடப்படுபவன் ஏழையே. 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இத்தகையோருக்காகவே இயங்குகின்றது. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் அதன் அருகிலுள்ள அலுவலகத்தின் முகவரியைத் தமது அறிவித்தற் பலகையில் இன்றே எழுதி வைக்கலாம்.