கருவிகளுக்குக் கோடிகள், கற்பிப்பவருக்கு?



2025-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அமைச்சரவை ஒரு பெரிய திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் உள்ள 1,000 அரசு ஐ.டி.ஐ.களை 60,000 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்துவதும், ஐந்து ஆண்டுகளில் 20 இலட்சம் இளையோருக்குத் திறன் பயிற்சி அளிப்பதும் அதன் நோக்கம். தமிழகமும் இதில் பின்தங்கவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை அரசு முன்னதாகவே கையில் எடுத்தது. ரோபோக்களும் கணினி வழி இயங்கும் இயந்திரங்களும் ஏழைப் பிள்ளைகளின் கைகளுக்கு எட்டுகின்றன. இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே.

ஆனால், இந்தச் செய்திகளில் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். அவர்தான் தொழிற்கல்வி ஆசிரியர்.

அவருடைய பணி எப்படிப்பட்டது? ஐ.டி.ஐ.யின் ஃபிட்டர் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஓர் அலகில் 20 மாணவர்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு. அரத்தைப் பிடித்து இரும்பைச் சமமாக ராவுவதிலிருந்து பாடம் தொடங்குகிறது. மாணவரின் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்று ஆசிரியர் ஒவ்வொருவரின் அருகிலும் நின்று பார்க்க வேண்டும். லேத்தின் சக்கிலேயே சாவியை விட்டுவிட்டு மோட்டாரை இயக்கினால், அந்தச் சாவி பறந்து வந்து ஆளைத் தாக்கிவிடும். கணக்கில் பிழை விட்டால் சிவப்பு மையால் திருத்திவிடலாம். பட்டறையில் விடும் பிழைக்கு ஒரு விரல் விலையாகலாம். பாடம் நடத்துவதோடு இருபது பிள்ளைகளின் உடலையும் காக்கும் பொறுப்பு இந்த ஆசிரியருக்கு உண்டு.

இத்தகைய ஆசிரியர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டு 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். ஓவியம், உடற்கல்வி ஆகியவற்றுடன் தையல், கணினி, தோட்டக்கலை, கட்டடக்கலை போன்றவற்றையும் கற்பிக்க வந்தவர்கள் இவர்கள். வாரத்திற்கு மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் ஊதியம். அது 2021-இல் 10,000 ரூபாயாகவும், 2024-இல் 12,500 ரூபாயாகவும் உயர்ந்தது. பள்ளி விடுமுறையான மே மாதத்தில் தங்களுக்கு ஊதியம் இல்லை என்பது இவர்களின் நெடுநாள் வேதனையாக இருந்தது. விடுமுறையில் பசியும் ஓய்வெடுக்குமா? பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் பலமுறை போராடியிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் வேலைக்கு வந்தவர் நாற்பதை நெருங்கும் வரையிலும் "பகுதிநேரம்" என்ற பெயரையே சுமந்திருக்கிறார்.

மேல்நிலைப் பள்ளிகளின் நிலையும் இதற்கு மாறானதல்ல. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் வந்தது. ஆனால் பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. நாளடைவில் அந்தப் பிரிவே மூடப்படுகிறது. கணித ஆசிரியர் ஓய்வு பெற்றார் என்பதற்காகக் கணிதத்தை நாம் மூடுவோமா?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பற்றி நமக்குப் பல கேள்விகள் உண்டு. எனினும் அது தரும் ஒரு புள்ளிவிவரம் சிந்திக்க வைக்கிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் கால மதிப்பீட்டின்படி, 19 முதல் 24 வயது வரையிலான இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 விழுக்காட்டிற்கும் குறைவு. ஜெர்மனியில் இது 75 விழுக்காடு. தென் கொரியாவில் 96 விழுக்காடு. இந்த இடைவெளியை இயந்திரங்களால் மட்டும் நிரப்ப முடியாது. மத்திய அரசின் புதிய திட்டத்தில் 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் பயிற்சி பெற்றவர் நிலைத்து நிற்க நிரந்தர வேலையும் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியமும் வேண்டும். இல்லையேல், கைத்திறன் உள்ளவர் தொழிற்சாலைக்கே திரும்பிவிடுவார்.

இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். திருஅவைக்குத் தொழிற்கல்வி புதிதன்று. 1850-களில் இத்தாலியின் தூரின் நகரில் தெருவில் திரிந்த சிறுவர்களுக்காகச் செருப்புத் தைக்கும் பட்டறையையும் தையற்கூடத்தையும் திறந்தார் புனித தொன் போஸ்கோ. அவர் வழிவந்த சலேசியர்கள் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் என்றே அறிந்திருந்தனர் (மாற் 6:3). அத்தொழிலை அவருக்குக் கற்றுத் தந்தவர் சூசையப்பர் என்பது நம் மரபு. அப்படியானால், சூசையப்பரும் ஒரு தொழிற்கல்வி ஆசிரியரே!

இத்தனை பெருமையும் பேசும் நாம், மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மட்டுமே ஐ.டி.ஐ.யைப் பரிந்துரைக்கிறோம். நம் நிறுவனங்களில் பணியாற்றும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கு நாம் தரும் ஊதியம் என்ன? திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஒரு சமூகம் நீதியானதா என்பதைக் கணிக்கும் அளவுகோலாக நியாயமான ஊதியத்தைக் காட்டினார். அந்த அளவுகோலை அரசை நோக்கி நீட்டுமுன் நம் வளாகத்திலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

பெரிய முயற்சிகள் தேவையில்லை. தேர்வு முடிவுகள் வரும் நாள்களில் நம் அன்பியக் கூட்டங்களுக்குத் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம். மே முதல் நாள் திருப்பலியில் தொழிலாளர்களோடு அவர்களுக்குத் தொழில் கற்பித்தவர்களையும் நினைவுகூரலாம். இவர்கள் நியாயம் கேட்டுத் தெருவில் அமரும்போது, போக்குவரத்துக்கு இடையூறு என்று முகம் சுளிக்காமல், அவர்கள் கேட்பது என்ன என்று நின்று கேட்கலாம்.

நம் வீட்டு மின்விளக்கு எரிவதற்கும், நாம் ஏறும் பேருந்தின் பிரேக் பிடிப்பதற்கும், எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் பொறுமையோடு கற்றுத் தந்திருக்கிறார். அவருக்கு உரிய மதிப்பும் ஊதியமும் கிடைக்க நம் குரலையும் சேர்ப்போம்.