மானியம் பிச்சையன்று!

ஊர்ச் சங்கங்கள் மானியங் கேட்கச் செல்லும்போது ஏன் கைகட்டித் தலைகுனிந்து நிற்கின்றன? கேட்கும்போது கூச்சம், பெற்ற பின்னரோ கணக்குக் காட்டத் தயக்கம். இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்போம். பொதுப் பணத்தைத் தனியொருவரின் தயவென எண்ணும் நோயே அது.

சமுதாய நிதியம் என்பது யாது? 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் கோஃப் என்னும் வங்கித் தலைவர் அதற்கு அத்திவாரமிட்டார். இறந்தோர் எழுதிவைத்த தருமங்கள் காலத்துக்கு ஒவ்வாதனவாகி முடங்குவதை அவர் கண்டார். பலரது கொடைகளை ஒரு முதலாகத் திரட்டி, அதன் வருவாயை அவ்வக்காலத் தேவைக்கேற்ப நகரத்தவர் குழுவொன்று பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். அம்முறை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. ஊருக்கென வைத்த பணத்தை ஊர்ச் சங்கம் கேட்பதில் இழிவு எங்கிருந்து வந்தது?

ஆயினும், உரிமையோடு கேட்போர் ஒழுங்கோடும் கேட்டல் வேண்டும். பதிவு முதலாவது. கமக்காரர் அமைப்புகளுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும், தொண்டர் நிறுவனங்களுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டமும் உள. அடுத்து, யாப்பு, கூட்டக் குறிப்பு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், ஆண்டுதோறும் கணக்காய்வு. தலைவரின் சட்டைப்பையிற் குடியிருக்கும் சங்கத்துக்கு எந்த நிதியம் கதவு திறக்கும்?

நிதியத்தின் நோக்கத்தை முன்கூட்டியே விசாரித்தறிக. கல்விக்கென ஒதுக்கிய பணத்தைக் குளக்கட்டுக்குக் கேட்பது இரு சாராருக்கும் வீண் அலைச்சல். “எம்மூர் பின்தங்கியது, உதவுக” என்பது விண்ணப்பமாகாது, ஒப்பாரியாகும். எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எவ்வளவு செலவு, எத்தனை மாதம், பலன் விளைந்ததை எதனால் அறிவது என்பவற்றை எழுதுக. சிரமதான உழைப்பையும் பணமாக மதித்துச் சங்கத்தின் பங்காகக் காட்டுக. வேலை முடிந்ததும், கேட்குமுன்னரே அறிக்கை அனுப்புக. இன்றைய அறிக்கையே நாளைய விண்ணப்பத்துக்குச் சாட்சி.

நிதியங்களை நடத்துவோருக்கும் ஒன்று கூறுவோம். தமிழ்க் கிராமத்துக்கு ஆங்கிலப் படிவத்தை மட்டும் நீட்டிவிட்டு, “விண்ணப்பம் வரவில்லை” என்று கையை விரிப்பது நீதியா? கட்டடத்துக்குத் தருவோம், கணக்கெழுதுபவரின் சம்பளத்துக்குத் தரோம் என்பது, வண்டியைக் கொடுத்து மாட்டை மறுப்பது போலாகும்.

படித்த பெருமக்களே! கணக்காளரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் நிறைந்த சமூகத்தில், ஒரு விண்ணப்பம் எழுத ஆளின்றிக் கமக்காரன் அலைவது யாருக்கு வெட்கம்? அவன் விளைவித்த நெல்லை உண்ணும் நாம், மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை அவன் சங்கத்துக்குக் கொடுக்கலாகாதா?

அத்துடன் அமைதல் ஆகாது. எந்நாளும் பிறர் நிதியத்தின் வாசலில் காத்திருப்பதோ நம் விதி? தருமப் பொறுப்புகளை நிறுவுதற்கு 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உள்ளூரிலும் கடல் கடந்தும் பொருளீட்டும் தமிழர், திருவிழாவுக்கு ஈவதில் ஒரு பங்கை நிலைமுதலாகச் சேர்ப்பின், மாவட்டந்தோறும் நமக்கென ஒரு சமுதாய நிதியம் எழும். கேட்கக் கற்போம், கணக்குக் காட்டக் கற்போம், பின்னர் கொடுக்கவும் தகுதி பெறுவோம்!