நாணயத்தின் மாற்றும் ஒப்பந்தத்தின் ஷரத்தும்

பொன்னுக்கு மாற்றுப் பார்ப்பவன் ஒருவனாகவும் உரைகல் ஒன்றாகவும் இருக்கும் வரையில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் வழக்கில்லை. மூவர் மூன்று கற்களில் உரைத்து மூன்று விதமாகச் சொல்வார்களாயின், எவர் சொல்லைக் கொண்டு விலை தீர்ப்பது என்ற கேள்வி உடனே எழும். உலகத்துக் கடன் சந்தையில் தேசங்களுடைய நாணயத்துக்கும் பெரிய கம்பெனிகளுடைய நாணயத்துக்கும் மாற்றுச் சொல்லும் ஸ்தாபனங்கள் பல உண்டு. அவற்றுள் பிரதானமானவை ஸ்டாண்டர்டு அண்டு பூர்ஸ், மூடீஸ், பிட்ச் என்னும் மூன்று. இவை ஒரு தேசத்தின் தரத்தைக் குறைத்தால் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி வருகிறது, மந்திரிகள் கண்டிக்கிறார்கள், சட்டசபைகளில் வாதம் நடக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு எந்த வழியாகப் பணமாக மாறுகிறது என்பதைக் கவனிப்போர் சிலரே. ஒப்பந்தப் பத்திரத்தின் நடுவே, வக்கீல்களைத் தவிர வேறெவரும் ஊன்றிப் படிக்காத ஓரிரண்டு வரிகளில்தான் அதன் ரகசியம் அடங்கியிருக்கிறது.

தொடக்கத்தில் இத்தரங்கள் வெறும் அபிப்பிராயங்களாகவே இருந்தன. 1909ல் அமெரிக்காவில் ஜான் மூடி என்பவர் ரயில்வே கம்பெனிகளின் கடன் பத்திரங்களை எழுத்துக்களால் தரம் பிரித்துப் புஸ்தகமாக வெளியிட்டார். விரும்பியவர் வாங்கிப் படித்தார், விரும்பாதவர் விட்டுவிட்டார். 1936ல் அமெரிக்க சர்க்கார் தேசிய பாங்குகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. அங்கீகாரம் பெற்ற தர நூல்களில் ஊக வியாபாரத் தன்மையுள்ளவை என்று காணப்படும் பத்திரங்களைப் பாங்குகள் வாங்கலாகாது என்பது அதன் சாரம். அபிப்பிராயம் அன்று சட்டத்தின் அந்தஸ்தைப் பெற்றது. அதன் பிறகு பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பென்ஷன் நிதிகளும் தங்கள் ஒப்பந்தங்களில் இந்த எழுத்துக்களையே அளவுகோலாக எழுதலாயின.

இந்த அளவுகோல்கள் ஒன்றல்ல. ஸ்டாண்டர்டும் பிட்ச்சும் மிக உயர்ந்த தரத்தை ஏஏஏ என்று குறிக்கின்றன. அதற்கு அடுத்த படி ஏஏ பிளஸ். மூடீஸ் அதே அடுத்த படியை ஏஏ1 என்று குறிக்கிறது. முதலீட்டுக்குத் தகுந்தது என்று கொள்ளப்படும் கடைசிப் படி முன்னிரண்டின் பாஷையில் பிபிபி மைனஸ். மூடீஸின் பாஷையில் பிஏஏ3. அதற்குக் கீழே போனால் ஊக வியாபாரச் சரக்கு என்று பெயர். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆயினும் அட்டவணையில் நேருக்கு நேர் நிற்பவை பொருளிலும் ஒன்றே என்று கொள்வது தவறு. கடன்காரன் வாய்தா தவறுவானா என்பதே ஸ்டாண்டர்டின் தரத்தில் முதன்மையாக நோக்கப்படும் விஷயம். மூடீஸோ, தவறினால் கடன் கொடுத்தவனுக்கு எவ்வளவு நஷ்டம் உண்டாகும் என்பதையும் சேர்த்து எடை போடுகிறது. ஆகவே சமம் என்பது இயற்கையில் உள்ள சமமன்று. ஒப்பந்தக்காரர்கள் ஒப்புக்கொண்டதால் உண்டான சமம். குத்தகை நெல்லை அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், எந்த மரக்கால் என்பதைச் சீட்டில் எழுதாதவன் களத்தில் சண்டை போட நேர்ந்தது. “அல்லது அதற்குச் சமமான தரம்” என்று மட்டும் எழுதி, எது எதற்குச் சமம் என்பதைச் சொல்லாமல் விடும் ஒப்பந்தம் அத்தகைய சீட்டேயாகும்.

சமம் இன்னதென்று தீர்ந்த பிறகும் பெரிய கேள்வி மிஞ்சியிருக்கிறது. மூவரும் மூன்று படிகளைச் சொன்னால் எதைக் கொள்வது? சில ஒப்பந்தங்கள் உள்ளவற்றில் தாழ்ந்ததைக் கொள்கின்றன. சில உயர்ந்ததைக் கொள்கின்றன. சில நடுவில் நிற்பதைக் கொள்கின்றன. கடன் கொடுப்பவன் தாழ்ந்ததை வேண்டுவான். வாங்குபவன் உயர்ந்ததை வேண்டுவான். இது வக்கீல்களின் சொற்சண்டை என்று அலட்சியம் செய்வோர் அமெரிக்க சர்க்காரின் கதையைப் பார்க்கட்டும்.

2011 ஆகஸ்டு 5ந் தேதி ஸ்டாண்டர்டு ஸ்தாபனம் அமெரிக்காவை ஏஏஏ படியிலிருந்து ஏஏ பிளஸ் படிக்கு இறக்கியது. மற்ற இரண்டும் இறக்கவில்லை. 2023 ஆகஸ்டு 1ந் தேதி பிட்ச் இறக்கியது. 2025 மே 16ந் தேதி மூடீஸும் இறக்கியது. அமெரிக்கா எப்பொழுது முதல் தரத்தை இழந்தது? தாழ்ந்ததைக் கொள்ளும் ஒப்பந்தத்தின்படி 2011ல். நடுவில் நிற்பதைக் கொள்ளும் ஒப்பந்தத்தின்படி 2023ல். உயர்ந்ததைக் கொள்ளும் ஒப்பந்தத்தின்படி 2025ல். கடனாளி ஒருவன், கடன் ஒன்று, ஷரத்தின் ஒரு சொல்லால் உண்டான வித்தியாசம் ஏறக்குறைய 14 வருஷம்! அமெரிக்கா வலிய தேசமாதலால் இதனால் பெரிதும் நலியவில்லை. சிறிய தேசத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

போர்ச்சுகலின் அனுபவம் இதற்குச் சான்று. 2011ல் மூடீஸும் பிட்ச்சும், 2012 ஜனவரியில் ஸ்டாண்டர்டும் அத்தேசத்தின் கடன் பத்திரங்களை முதலீட்டுக்குத் தகாதவை என்று தள்ளின. ஐரோப்பிய யூனியனும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் கூடி 7,800 கோடி யூரோ கடனுதவித் திட்டம் ஒன்றை 2011ல் வகுத்தன. அத்திட்டம் நடந்த காலத்தில் ஐரோப்பிய மத்திய பாங்கு தன் தர விதியைத் தளர்த்தி அப்பத்திரங்களை ஈடாக ஏற்றது. 2014 மே மாதத்தில் போர்ச்சுகல் அத்திட்டத்திலிருந்து வெளியேறியதும் சாதாரண விதியே அதற்குப் பொருந்துவதாயிற்று. அந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்றிருந்த நான்கு ஸ்தாபனங்களுள் எது மிக உயர்ந்த தரம் தருகிறதோ அதையே கொள்ளவேண்டும். முப்பெரும் ஸ்தாபனங்களும் கைவிட்ட நிலையில், கனடாவில் டொராண்டோ நகரிலுள்ள டி.பி.ஆர்.எஸ். என்னும் நான்காவது ஸ்தாபனம் மட்டும் கடைசிப் படியில் போர்ச்சுகலை நிறுத்தி வைத்திருந்தது.

அந்த ஒற்றைப் படியின் பலத்தில்தான் போர்ச்சுகலின் பத்திரங்கள் மத்திய பாங்கில் ஈடாகச் செல்லுபடியாயின. 2015 மார்ச்சு முதல் சர்க்கார் பத்திரங்களை அப்பாங்கு விலைக்கு வாங்கத் தொடங்கியபோது போர்ச்சுகலும் பங்கு பெற்றது. 2016 அக்டோபர் 21ந் தேதி அந்தக் கனடா ஸ்தாபனம் தன் முடிவை வெளியிடவிருந்தபோது லிஸ்பன் நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. முடிவு மாறவில்லை; போர்ச்சுகல் பிழைத்தது. 2017 செப்டம்பரில் ஸ்டாண்டர்டு அதை மறுபடி மேலே ஏற்றிய பிறகுதான் இந்த ஒற்றைத் தூணின் பயம் நீங்கிற்று. விதியில் “உயர்ந்தது” என்ற இடத்தில் “தாழ்ந்தது” என்றோ “நடுவில் நிற்பது” என்றோ இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? போர்ச்சுகல் ஜனங்களின் உழைப்பிலோ அவர்கள் சர்க்காரின் வரவு செலவிலோ ஒரு காசும் வித்தியாசமில்லாமலே, அவர்கள் பத்திரம் மத்திய பாங்கின் வாசலில் திருப்பியனுப்பப்பட்டிருக்கும்.

கம்பெனிகளின் விஷயமும் அப்படியே. 2008 செப்டம்பர் 15ந் தேதி ஏ.ஐ.ஜி. என்னும் மாபெரும் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியை மூன்று ஸ்தாபனங்களும் ஒரே நாளில் கீழிறக்கின. மூடீஸ் ஏ2 என்றது. பிட்ச் ஏ என்றது. இவை ஒரே படி. ஸ்டாண்டர்டு அதற்கும் ஒரு படி கீழே ஏ மைனஸ் என்றது. அக்கம்பெனி பிறருடன் செய்திருந்த ஒப்பந்தங்களில், தரம் இறங்கினால் இவ்வளவு ஈடு வைக்கவேண்டும் என்ற ஷரத்து இருந்தது. நாணயம் குறைந்ததால் ஈடு கேட்டார்கள்; ஈடு கேட்டதால் கையிருப்பு வற்றியது; கையிருப்பு வற்றியதால் நாணயம் மேலும் குறைந்தது. மறுநாளே அமெரிக்க மத்திய பாங்கு 8,500 கோடி டாலர் வரை கடன் கொடுக்க முன்வர வேண்டியதாயிற்று. நோயின் அளவைச் சொல்ல வந்த கருவியே நோயை வளர்த்த விந்தையை அன்று உலகம் கண்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தர நிர்ணய ஸ்தாபனங்களின் அதிகாரத்தைப் பற்றிப் பலரும் கோபித்துப் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 2011ல் ஸ்டாண்டர்டின் கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் பிசகு இருப்பதை அமெரிக்கப் பொக்கிஷ இலாகா எடுத்துக் காட்டியது. ஸ்தாபனம் கணக்கை மாற்றியதேயன்றித் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் அபிப்பிராயம் சொல்லும் உரிமையை எவரிடமிருந்தும் பறிக்க முடியாது. அந்த அபிப்பிராயத்துக்குக் கத்தியின் கூர்மையைத் தருவது ஒப்பந்தத்தின் ஷரத்தே. தாழ்ந்ததைக் கொள்ளும் ஷரத்து, கடுமையான ஒருவர் கையில் கடனாளியின் விதியை ஒப்படைக்கிறது. உயர்ந்ததைக் கொள்ளும் ஷரத்து, தாராளமான ஒருவர் கையில் கடன் கொடுத்தவனின் விதியை ஒப்படைக்கிறது. அதோடு, கட்டணம் கொடுத்து நல்ல மாற்றுச் சொல்பவரைத் தேடிப் போகும் ஆசையையும் கடனாளிக்கு உண்டாக்குகிறது. இரண்டிலும் ஒருவர் பிசகினால் போதும். நடுவில் நிற்பதைக் கொள்ளும் ஷரத்தில் மட்டுமே இருவர் ஒரு முகமாகச் சொன்னாலன்றி நிலை மாறுவதில்லை. பாங்குகளின் மூலதனத்துக்காகப் பேஸல் கமிட்டி 2004ல் வகுத்த விதியும் ஏறக்குறைய இந்த நியாயத்தையே தழுவியது: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தரங்கள் இருந்தால், சிறந்த இரண்டை எடுத்து அவற்றுள் தாழ்ந்ததைக் கொள்ளவேண்டும், இரண்டே இருந்தால் தாழ்ந்ததைக் கொள்ளவேண்டும்.

இவ்விஷயம் நமக்கும் அன்னியமானதல்ல. 2025 ஆகஸ்டு 14ந் தேதி ஸ்டாண்டர்டு ஸ்தாபனம் இந்தியாவைப் பிபிபி மைனஸிலிருந்து பிபிபி படிக்கு உயர்த்தியது. அப்போது மூடீஸின் தரம் பிஏஏ3. பிட்ச்சின் தரம் பிபிபி மைனஸ். உயர்ந்ததைக் கொள்ளும் ஒப்பந்தத்தில் இந்தியா அன்று ஒரு படி ஏறியது. மற்ற ஒப்பந்தங்களில் நின்ற இடத்திலேயே நின்றது. தரம் உயர்ந்த செய்தி கேட்டு மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர், எந்த ஒப்பந்தத்தில் உயர்ந்தது என்று கேட்டார்கள்?

பொதுப்பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் சர்க்கார்களும் நகரசபைகளும் பென்ஷன் நிதிகளும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நான்கு விஷயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்தெந்த ஸ்தாபனங்களின் தரம் செல்லும் என்பதைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். எந்தப் படி எந்தப் படிக்குச் சமம் என்பதை அட்டவணையாகச் சேர்க்கவேண்டும். தரங்கள் வேறுபட்டால் எதைக் கொள்வது, ஒரு ஸ்தாபனம் தரம் சொல்வதை நிறுத்திவிட்டால் என் செய்வது என்பதைத் தெளிவாக்க வேண்டும். கடைசியாக, ஒரு படி இறங்கியதும் முழு ஈட்டையும் ஒரே நாளில் கேட்கும் ஷரத்தை ஏற்கலாகாது. படிப்படியாகவும் அவகாசம் கொடுத்தும் கேட்கவேண்டும்.

வட்டி விகிதத்தில் கால் சதவிகிதத்துக்காக மாதக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் இந்த வரிகளை அச்சில் உள்ளபடியே ஏற்றுக்கொள்வது விவேகமாகாது. வட்டி வருஷத்துக்கு ஒரு முறை வாங்குவதை இந்த வரிகள் நெருக்கடி வந்த ஒரு நாளில் வாங்கிவிடும். அந்த நாளில் பணம் செலுத்தப் போகிறவர்கள் ஜனங்கள். ஆகவே அவர்கள் பெயரால் எழுதப்படும் ஒவ்வொரு கடன் ஒப்பந்தத்திலும் இந்த ஷரத்து என்ன சொல்கிறது என்று சட்டசபையில் கேட்பதும், பதிலைப் பகிரங்கமாகப் பெறுவதும் அவர்களுடைய பிரதிநிதிகளின் கடமையாகும்.