சமத்துவத்தை அண்ணாந்து பார்ப்பதோ?

சமத்துவம் கண்ணாற் காணும் பொருளன்று. மனத்தாற் கொள்ளும் கருத்து. ஆயினும் கருத்துக்கு உருவம் கொடாமல் இருக்க மக்களால் முடிவதில்லை. அன்புக்குத் தாயையும், அறிவுக்கு விளக்கையும், வீரத்துக்கு வாளையும் எழுதிக் காட்டுகிறோம். அங்ஙனமாயின் சமத்துவத்துக்கு எதை எழுதுவது? இஃது ஓவியரும் சிற்பியரும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய கேள்வி என்று ஒதுக்குவதற்கில்லை. ஒரு சமூகம் எந்த உருவத்தைக் காட்டி 'இதுவே சமத்துவம்' என்று கொண்டாடுகிறதோ, அந்த அளவுக்குத்தான் அது சமத்துவத்தை விளங்கிக்கொண்டிருக்கிறது. உருவம் பிழைபட்டால் கருத்துப் பிழைபடும். கருத்துப் பிழைபட்டால் நடத்தையும் பிழைபடும்.

இந்நாளில் இக்கேள்விக்கு மிகப் பெரிய விடை ஐதராபாத்தை அடுத்த முச்சிந்தலில் எழுந்திருக்கிறது. திருப்பெரும்புதூரிற் பிறந்த இராமானுசருக்குப் பீடத்தோடு சேர்த்து 216 அடி உயரமுள்ள ஐம்பொன் சிலை ஒன்றை அமைத்து, 'சமத்துவச் சிலை' என்று பெயருமிட்டு, 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இந்தியப் பிரதமர் மோடியைக் கொண்டு திறந்துவைத்தார்கள். போதாதென்று உள்ளே 120 கிலோ பொன்னால் மற்றோர் உருவமும் வைத்தார்கள். அதன் எதிரே போய் நிற்கும் ஏழை ஒருவன் பீடத்தின் விளிம்பையும் எட்டான். கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டு, 'நாம் யாவரும் சமம்' என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். சமத்துவத்தை இதைவிட அழகாகப் பரிகாசம் செய்ய யாராலும் இயலாது.

வைதிகர் மட்டும் இவ்வாறு செய்தனர் என்று நாம் மார்தட்டிக்கொள்ள வழியில்லை. 2024 ஜனவரியில் விஜயவாடாவில் டாக்டர் அம்பேத்கருக்கு 81 அடிப் பீடத்தின்மேல் 125 அடிச் சிலை நிறுத்தி, 'சமூக நீதிச் சிலை' என்றனர். ஆசாரக் கட்சியும் சீர்திருத்தக் கட்சியும் கொள்கையில் மாறுபடினும் அடிக்கோலில் ஒன்றுபட்டுவிட்டன! உயரமே பெருமை என்பது இரு சாராருக்கும் பொதுவேதமாகிவிட்டது.

நம் நாட்டிலும் 2006 ஜனவரியில் பத்துமலை அடிவாரத்தில் 140 அடி முருகன் சிலை திறக்கப்பெற்றது. அதனோடு நமக்கு இங்கே வழக்கில்லை. தெய்வத்தை அண்ணாந்து பார்ப்பது பக்தர் விருப்பம். தன்னை வணங்குமாறு மனிதனைக் கேட்பது தெய்வத்தின் இயல்பு என்று அவர்கள் கொள்கிறார்கள், கொள்ளட்டும். சமத்துவமோ வணக்கம் கேட்பதில்லை. அதனை வணங்கத் தொடங்கிய அன்றே அது செத்துப்போகிறது. சொல்லப்போனால், பத்துமலையில் சமத்துவத்துக்குச் சற்றேனும் அண்மையில் இருப்பது அங்குள்ள 272 படிகளே. தோட்டக்காரனாயினும் துரைமகனாயினும் ஏறுகிறவன் அதே படியிற் கால்வைத்துத்தான் ஏறவேண்டும்.

சிலைக்கட்சியார் இரண்டு வாதங்கள் சொல்வார்கள். 'இராமானுசரே திருக்கோட்டியூரில் கோபுரம் ஏறினாரே' என்பது ஒன்று. ஆம், மறைவாக வைத்திருந்த மந்திரத்தை எல்லோரும் கேட்குமாறு அவர் கோபுரத்தின்மேல் நின்று கூவினார் என்பது வழிவழி வரும் கதை. அவர் ஏறியது, மேலே பூட்டி வைத்திருந்த சொல் கீழே இறங்கி வருவதற்கு. இவர்கள் அவரை ஏற்றியிருப்பது, கீழே நிற்கும் கண்கள் மேலே ஏறிப்போவதற்கு. இரண்டும் ஒன்றாகுமா?

'தாழ்த்தப்பட்டவர் நிமிர்வதற்குப் பெரிய உருவம் ஒன்று வேண்டாமா' என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிர்வைத் தந்தது எந்த உருவம்? தமிழ்நாட்டுச் சேரிகளின் முகப்பில் ஆளுயரத்தில் நிற்கும் அம்பேத்கர்: கோட்டு அணிந்து, கையிற் புத்தகம் ஏந்தி, ஒரு விரல் நீட்டி நிற்பவர். நம்மைப் போன்ற ஒருவர், நம் உயரத்தில், நம் தெருவில் நிற்கிறார். அதனாலன்றோ ஆதிக்க ஜாதியார்க்கு அவரைக் கண்டால் கை துறுதுறுக்கிறது! உடைப்பார்கள் என்று அஞ்சிப் பல ஊர்களில் அச்சிலைகளை இரும்புக் கூண்டுக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள். உடைக்க வருகிறவன் வெளியே உலாவ, உடைபடுகிறவர் கூண்டுக்குள் நிற்கிறார். இருநூறு அடிச் சிலைக்கு இந்த அபாயமில்லை. அதனாற் பகைவர்க்கும் அபாயமில்லை. எந்த உருவத்தைக் கண்டு ஆதிக்கம் அஞ்சுகிறதோ, அதுவே சமத்துவத்தின் மெய்யான உருவம்.

அத்தகைய உருவம் ஒன்று நம் கிள்ளானிலேயே உண்டு. அதற்குச் சிற்பி வேண்டியிருக்கவில்லை. ஒரு சைக்கிள் போதுமாயிருந்தது.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளர் பெற்ற கூலி தமிழர்க்கும் வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிகளுக்கு நல்ல மருத்துவமும் கேட்டனர். பெண்களை மானபங்கம் செய்வது ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றனர். இவற்றின் நடுவே ஒரு கோரிக்கை: வெள்ளையர் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்ல எங்களை விடவேண்டும்!

இக்கோரிக்கையைக் கண்டு நகைத்தவர் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருப்பர். கூலி வயிற்றை நிரப்பும். மருந்து நோயைத் தீர்க்கும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பதனால் என்ன கிடைக்கும்? முதுகெலும்பு கிடைக்கும், தோழர்களே! துரை எதிர்ப்பட்டால் கூலிக்காரன் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தில் அவனுக்குப் பணநட்டம் ஒன்றுமில்லை. நேரநட்டம்கூட ஒரு நிமிடந்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவன் மனைவி பார்த்தாள், மகன் பார்த்தான். 'நம் அப்பன் இறங்கவேண்டியவன்' என்று மகன் கற்றுக்கொண்ட பாடம் அது. எந்தப் பள்ளிக்கூடமும் பிறகு அழிக்க முடியாத பாடம். தாழ்வைக் கண்வழியே கற்பித்தார்கள். ஆகவே கண்வழியே அதை மறுக்கத் தொழிலாளர் துணிந்தனர். இன்னும் ஒன்று கவனிக்கத் தக்கது. வெள்ளையரோடு அவர்கள் நிறுத்தவில்லை. நம்மவராகிய கிராணிமாரையும் சேர்த்தே சொன்னார்கள். தோலின் நிறத்தைக் கடந்து நோயை அறிந்திருந்தார்கள்.

அதற்குக் கிடைத்த மறுமொழி என்ன? மே மாதத்தில் நாதனைச் சிறைப்பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினர். படைகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். ஒரு கூலிக்காரன் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே போவது ஆதிக்கத்துக்கு எத்துணை அச்சந் தரும் காட்சி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

'தராசு இருக்கிறதே' என்பார் சிலர். தராசு நல்ல பொருள்தான். ஆயினும் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்க்குத் தராசைப் பற்றி நாம் உபதேசம் செய்யவேண்டியதில்லை. முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, தராசு யார் கையில் இருக்கிறது என்பதே அவர்கள் அறிந்த கணக்கு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர் இதனினும் நுட்பமாக எண்ணினர். கொத்தனாரும் தச்சரும் கையாளும், தூக்குக்குண்டு தொங்கும் மட்டத்தைச் சமத்துவத்தின் சின்னமாகக் கொண்டனர். செங்கற் சூளைகளாற் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சில் வாழ்வோர்க்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். மட்டம் பார்க்காமற் கட்டிய சுவர் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு விரைவில் சாயும்.

தமிழர்க்கென்றே உரிய மட்டம் ஒன்றும் உண்டு, அதுதான் பந்தி. ஒரே தரையில், ஒரே வரிசையில், ஒரே வாழையிலை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்றபோது, 1925-இல் தமிழ்நாடே கொந்தளித்தது. சோறு குறைந்ததென்றா சண்டை? வரிசை பிரிந்ததென்று சண்டை. சுயமரியாதை இயக்கத்தார் மாநாடுதோறும் சமபந்தி நடத்தியதும் இதனாலேயே. ஆயிரம் பிரசங்கம் உணர்த்தாததை ஒரு வரிசை இலை உணர்த்திவிடும்.

இனி, இந்த உருவத்தை வைத்துக்கொண்டு நம்மை நாமே அளந்து பார்க்கவேண்டும். தோட்டங்கள் பல வீடமைப்பு மனைகளாய்விட்டன. துரைமார் கப்பலேறிப் போய்விட்டனர். நம்மவருட் பலர் முதலாளிகளாயினர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழையிலைச் சோறு விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே இலை எடுத்து மேசை துடைக்கும் தமிழ்நாட்டு இளைஞனும் வங்காளதேசத்து இளைஞனும் எங்கே உட்கார்ந்து உண்கிறார்கள்? முதலாளி உள்ளே வரும்போது அவர்கள் எழுந்து ஒதுங்குகிறார்களா? ஒதுங்குவார்களாயின், அன்று துரைக்கு முன் நம் பாட்டன் இறங்கிய சைக்கிளிலிருந்து இன்று நாம் மற்றொருவனை இறக்கிக்கொண்டிருக்கிறோம். கலியாணப் பேச்செடுத்தவுடன் ஜாதி விசாரிக்கும் வீட்டில் எந்தத் தலைவர் படத்தை மாட்டினாலும், அது சுவரின் அழுக்கை மறைக்கத்தான் உதவும்.

ஆகவே ஓவியம் வல்ல இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம். வானளாவும் சிலைகளை விட்டுவிடுங்கள். இருபுறமும் கித்தா மரம், நடுவே செம்மண் சாலை, எதிரே வந்து நிற்கும் ஒரு துரை, சைக்கிளில் ஒரு தமிழன் என்று எழுதுங்கள். அவன் இறங்கவில்லை. மிதிக்கும் காலும் நிற்கவில்லை. முகத்தில் சினமும் இல்லை, சிரிப்பும் இல்லை; வேலைக்குப் போகிற மனிதனின் முகம், அவ்வளவே. அப்படத்தை நம் பள்ளிகளிலும் சங்கக் கட்டடங்களிலும் மாட்டுங்கள். கூரைக்கு அருகே மாட்டிவிடாதீர்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு நேரே மாட்டுங்கள். சமத்துவத்தைக் காண மேலே நோக்கவும் வேண்டா, கீழே நோக்கவும் வேண்டா. எதிரே நிற்பவனை நேரே நோக்கக் கற்றுக்கொண்டாற் போதும்.