திங்கட்கிழமை விசுவாசம்



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலில் நின்று இறைமக்களை வழியனுப்புவது பங்குக் குருக்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் கடமை. தோத்திரம் சொல்லி, பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்று, முகமலர்ச்சியோடு அனைவரும் இல்லம் திரும்புகின்றனர். மறுநாள் காலையில் இவர்களில் ஒருவர் கடையில் தராசு பிடித்திருப்பார். மற்றொருவர் அலுவலகத்தில் கோப்பு எழுதிக்கொண்டிருப்பார். வேறொருவர் வரப்பில் நின்று நடவுக் கூலியைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறன்று நற்கருணை நாதரை ஏற்றுக்கொண்ட அதே நாவு, திங்களன்று அந்தத் தராசின் அருகிலும் அந்த வரப்பின் மீதும் என்ன பேசுகிறது? நம்முடைய விசுவாசத்திற்கு உண்மையான சோதனை அங்கேதான் நடைபெறுகிறது.

இல்லம் சந்திக்கச் செல்லும்போது இதைக் குறித்துப் பேசினால், பலரும் நம்மிடம் ஒரே விடையைக் கூறுவர்: "சாமி, நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். வேதத்தை எடுத்துச் சொல்வது சாமிமாருக்கும் கன்னியருக்கும் உபதேசியாருக்கும் உரிய வேலை அல்லவா?" பணிவிலிருந்து பிறக்கும் சொல்லாக இது தோன்றினாலும், திருச்சபையின் போதனை வேறு. 1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய விதித்தொகுப்பு, கிறிஸ்தவ அழைப்பே தன் இயல்பில் திருத்தூதுப் பணிக்கான அழைப்பு என்று கற்பிக்கிறது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் அனுப்பப்பட்டவரே. அவ்வாறு அனுப்பப்பட்ட இடம் தொலைநாடு அன்று. அவரவர் வீடும் தெருவும் தொழிலிடமுமே.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குமரி மண்ணின் மைந்தரான புனித தேவசகாயத்தின் வரலாற்றை நாம் அறிவோம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசின் அலுவலர். 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அவருடைய மறைசாட்சியத்தை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். ஆனால் அவருக்கு விசுவாசம் எவ்வழியாக வந்தது என்பதை நினைப்பவர் குறைவு.

அவ்விசுவாசம் மறையுரை கேட்டதால் தொடங்கியது அன்று. பணியிடத்து நட்பினால் தொடங்கியது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரின் படைகளிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைகளுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஏற்றார். அப்பணியிடத்திலேயே நீலகண்டனும் அவரும் நண்பராயினர். நீலகண்டனின் குடும்பத்தில் அப்போது துன்பம் புகுந்தது. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் வினவினார், பொறுமையோடு கேட்டார், அதன்பின் விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றைக் கூறினார். உடைமைகளையும் மக்களையும் உடல் நலத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத அம்மனிதரின் கதை, துயருற்ற உள்ளத்தில் விதையாக விழுந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, டிலனாய் குருவும் அல்லர், துறவியும் அல்லர்; குடும்பமும் அலுவலும் உடைய போர்வீரர். இரண்டாவது, அவர் தம் மதத்தின் மேன்மையை நிலைநாட்ட வாதம் புரியவில்லை. அயலாரின் வருத்தத்தைக் கண்டு வினவிய பின்னரே வாய் திறந்தார். முதலில் செவியைக் கொடுத்தார். பின்னரே சொல்லைக் கொடுத்தார். மூன்றாவது, தாம் தொடங்கியதைத் தாமே முடிக்க முயலவில்லை. நண்பரை வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் அனுப்பிவைத்தார். விதைப்பவர் ஒருவர், நீர் ஊற்றுபவர் மற்றொருவர், விளைவிப்பவரோ இறைவன் என்னும் திருத்தூதர் பவுலின் கருத்துக்கு இதனினும் தெளிவான விளக்கம் உண்டோ?

விசுவாசத்தைப் பகிர்வது என்றவுடன் அடுத்த வீட்டாரை நம் மதத்துக்கு இழுப்பது என்று சிலர் பொருள் கொள்கின்றனர். இது பெரும் பிழை. எவரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்தலாகாது என்பதைச் சமயச் சுதந்திரம் பற்றி 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியான சங்க அறிக்கை ஐயத்திற்கு இடமின்றி உரைக்கிறது. நாம் செய்யத்தக்கது அன்புச் செயல். நம்மிடம் உள்ள நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பணிவோடு கூறும் மறுமொழி. இன்றைய மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்போடு செவிகொடுக்கின்றனர் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் சுட்டிக்காட்டியதும் இதையே.

இனி, மனத்தை உறுத்தும் ஒன்றையும் கூற வேண்டும். நம் சாட்சியத்தைக் கெடுப்பது பல நேரங்களில் நம் அறியாமை அன்று, நம் வாழ்வே. தேவசகாயம் மனிதர் அனைவரும் சமம் என்று வலியுறுத்திப் போதித்தார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவரோடு வேறுபாடின்றிப் பழகினார். அதனாலேயே மேல்தட்டினர் பலரின் வெறுப்புக்கு ஆளானார். அவருடைய பெயரோடு வழங்கிய சாதிப் பட்டமும் புனிதர் பட்டத்திற்கு முன்னரே நீக்கப்பட்டது. அவருடைய திருவுருவத்திற்கு மாலை சூட்டும் நாம், நம் வீட்டில் வேலை செய்பவருக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டாமா?

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருந்தது. ஏன் என்று நாம் விளக்கத் தேவையில்லை. அப்பங்கைச் சேர்ந்த ஓர் ஆலைத் தொழிலாளி, தம் உறவினரின் அடக்கத்திற்கு இந்துவான உடன் பணியாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். அவர் சுவரைச் சுட்டி, "மண்ணுக்குள் போன பிறகும் உங்களில் இரண்டு உண்டா அண்ணே?" என்று வினவினார். ஏளனமாக அன்று, உண்மையாகவே அறிய விரும்பி. விடை சொல்ல இயலாத அந்த அன்பர் மறுநாள் நம்மிடம் வந்தார். "சாமி, மலைப்பொழிவைப் பற்றி எத்தனையோ நாள் அவரிடம் பேசியிருக்கிறேன். நேற்று அந்தச் சுவர் என் வாயை அடைத்துவிட்டது" என்றார்.

ஆண்டு ஒன்று கழிந்தது. அவருடைய தகப்பனார் இறந்தார். சுவருக்கு அப்பாலுள்ள பகுதியில் தந்தையை அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அப்பகுதி மக்கள் கண்ணீர் மல்க இடம் கொடுத்தனர். அவருடைய சொந்தங்களில் பலர் அடக்கத்திற்கு வரவில்லை. தமக்கையின் குடும்பத்தார் உறவையே முறித்துக்கொண்டனர். நிச்சயிக்கப்பட்டிருந்த மகளின் திருமணமும் தடைப்பட்டது. அவர் வாய் திறந்து எவரையும் பழிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிய தோள்களில் ஒன்று, அன்று கேள்வி கேட்ட அந்தப் பணியாளருடையது. அந்த நண்பர் கிறிஸ்தவராகவில்லை. அவரை அதற்கு எவரும் கேட்கவும் இல்லை. ஆனால் கிறிஸ்து எதற்காக மரித்தார் என்பதை அன்று அவர் கண்ணால் கண்டார் என்றே நாம் நம்புகிறோம். நாம் அப்பங்கை விட்டு வரும்போதும் சுவர் நின்றது. எனினும் அதன் இருபுறமும் ஒரே குடும்பத்தாரின் கல்லறைகள் இருந்தன.

2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் பழக்கங்கள் சீர்திருத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதை நிறைவேற்றுவது ஆயர்களின் சுற்றுமடலால் மட்டும் ஆவதன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் திண்ணையிலும் அடுக்களையிலும் திருமணப் பந்தியிலும் தொடங்க வேண்டிய பணி அது.

அன்பர்களே, விசுவாசம் முதலில் வேர்விடும் இடம் இல்லமே. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சங்கம் அழைத்தது வெறும் புகழுரை அன்று. மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொல்லும் வீட்டில், செபம் முடிந்தவுடன் அயலாரைப் பற்றிய புறணி தொடங்குமானால் பிள்ளைகள் எதைக் கற்பர்? கடன் வாங்கிய நாளில் காட்டிய பணிவைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் தகப்பன் காட்டுவாரானால், அதுவே அவர்களுக்கு மறைக்கல்வி. கூலியைப் பேசியபடி, பேசிய நாளில் தாய் கொடுப்பாரானால், அதுவே அவர்களுக்கு விவிலிய விளக்கம்.

எனவே இம்மாதத்திற்கு மூன்று சிறு முயற்சிகளை உங்கள்முன் வைக்கிறோம். முதலாவதாக, நாள்தோறும் குடும்பச் செபத்தின்போது நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, நாளை நம் வேலையில் இது எதைக் கேட்கிறது என்று ஒருவரையொருவர் வினவுங்கள். இரண்டாவதாக, துன்பத்திலிருக்கும் அயலார் ஒருவரை, அவர் எம்மதத்தவராயினும், தேடிச் சென்று அவர் கூறுவதை முழுவதும் கேளுங்கள்; அறிவுரை கூற விரையாதீர்கள். மூன்றாவதாக, உங்கள் வீட்டில் பிறரைத் தாழ்த்தும் பழக்கம் ஏதேனும் ஒளிந்திருந்தால், அது குவளையாயினும் சொல்லாயினும், அதை இம்மாதமே அகற்றுங்கள்.

உப்பு தன்னைக் குறித்துப் பேசுவதில்லை. உணவில் கரைந்தே தன் சுவையைத் தருகிறது. அவ்வாறே நாமும் நம் ஊரில் கரைந்து சுவை தருவோமாக. புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக. இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.