தேனின் பூர்வோத்தரம்

"நாவல் தேன்", "முருங்கைத் தேன்", "வேப்பந்தேன்" என்று சீட்டு ஒட்டிய புட்டிகள் இப்போது கடைகளில் கொலு வீற்றிருக்கின்றன. "இது நாவல் தேன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால், கடைக்காரர் சீட்டைக் காட்டுவார். சீட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாதா? உண்டு, அது புட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கூட்டை விட்டுப் புறப்பட்ட தேனீ, அந்த ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே இனத்துப் பூக்களையே நாடும். இந்த ஏக நிஷ்டையைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஊரில் ஒரு மரம் அமோகமாய்ப் பூத்திருக்கும் பருவத்தில் கூட்டிலுள்ள தேனீக்கள் பெரும்பாலும் அதையே மொய்க்கின்றன. அப்போது சேர்வதுதான் தனிப் பூத் தேன். மதுவோடு மகரந்தத் துகள்களும் கூடவே வந்துவிடுகின்றன. தேனை நீரில் கரைத்து, அடியில் படியும் துகள்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அவை எந்தச் செடிகளைச் சேர்ந்தவை என்று உருவத்தைக் கொண்டே சொல்லிவிடுகிறார்கள். ஒரே செடியின் மகரந்தம் நூற்றுக்கு 45க்கு மேல் இருந்தால் தேனுக்கு அதன் பெயரைச் சூட்டலாம் என்பது பொது விதி.

ஆனால், தலைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆரஞ்சு இனத்துப் பூக்கள் மதுவை வாரி வழங்கும். மகரந்தம் கொடுப்பதிலோ லோபிகள். நூற்றுக்கு இருபது இருந்தாலும் அது ஆரஞ்சுத் தேனாக இருக்கக்கூடும். ஐரோப்பாவின் செஸ்நட் மரம் நேர்மாறானது. அதன் மகரந்தம் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் இருந்தால்தான் நிபுணர்கள் திருப்தியடைகிறார்கள்.

எல்லாவற்றையும் விட விசித்திரம், கன்னியாகுமரி ஜில்லாவின் மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியில் சிறு சுரப்பிகளிலிருந்து மது கசிகிறது. தேனீக்களுக்கு அதுவே விருந்து. இலையில் ஊறும் மதுவில் மகரந்தம் எங்கிருந்து வரும்? அத்தேனில் பெரும்பாலும் தென்படுவது அண்டை அயல் செடிகளின் மகரந்தமே. எண்ணிக்கையை மட்டும் நம்பினால், யோக்கியமான ரப்பர் தேனைப் போலியென்று தள்ளி, பாடுபட்டவர் வயிற்றில் அடித்தவர்களாவோம்!

ஆகையால்தான், தேர்ந்த பரீட்சகர்கள் மகரந்தத்தோடு நிறம், மணம், சுவை, ரசாயன லக்ஷணம் முதலியவற்றையும் விசாரிக்கிறார்கள். ஆரஞ்சுத் தேனில் மீதைல் ஆந்த்ரனிலேட் என்ற மணப்பொருள் தக்க சாட்சியாகிறது. தேனை மிக நுண்மையாக வடிகட்டிவிட்டாலோ, மகரந்தச் சாட்சி அடியோடு மறைந்துவிடுகிறது.

வீட்டில் மைக்ராஸ்கோப் இல்லையே என்று வாசகர்கள் வருந்த வேண்டாம். எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்த தேன் என்று கேளுங்கள். நாவல் பூப்பது கோடையில். கார்த்திகையில் கூட்டிலிருந்து எடுத்த தேனுக்கு அந்தப் பெயர் பொருந்துமா? "பல பூக்களின் தேன், அம்மா" என்று உள்ளதைச் சொல்லி விற்பவரிடம் தாராளமாக வாங்குங்கள். பெயர் ஒன்றில்லாததால் தேனின் தித்திப்புக் குறைந்துவிடாது.